குழந்தை

‘குழ’ என்றால் இளமை. ‘மழ’ என்ற சொல்லுக்கும் அதே பொருள் என்கிறது தொல்காப்பிய உரியியல். குழவி, குழந்தை இரண்டும் இந்த வேரில் கிளைத்தவை. தொல்காப்பிய மரபியலில் யானைக்கன்றுக்கும் குழவி என்ற பெயர் உண்டு. இளையது எதுவானாலும் காக்க வேண்டியது என்ற பரிவு அந்தச் சொல்லிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

பேச்சு வழக்கில் இடுப்பில் தூக்கும் வயதோடு குழந்தைப் பருவம் முடிந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையனைக் குழந்தை என்று யாரும் சொல்வதில்லை. (பெற்றவளுக்கு மட்டும் கல்யாணமான மகளும் குழந்தைதான்.) 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோ, பொதுவாக 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அமெரிக்கா கையெழுத்திட்டும் இன்னும் உறுதிசெய்யவில்லை.

நம் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் குழந்தை என்பது 14 வயதுக்கு உட்பட்டவரே. 14 முதல் 18 வரை ‘வளரிளம் பருவத்தினர்’. அவர்களுக்கு அபாயகரமான தொழில்கள் மட்டுமே தடை. பட்டறையில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையையும் தயவுசெய்து குழந்தை என்றே சொல்லுங்கள்.