மார்போடு அணியும் பேபி கேரியர்: எத்தாளைச் சூழலில் ஒரு மதிப்பீடு

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீளும் கற்பிட்டிக் குடாநாட்டு மணற்பரப்பில் இருக்கிறது எத்தாளை. இக்கரையோர ஊர்களில் கைக்குழந்தையைச் சுமப்பது தாய் ஒருத்தியின் வேலையாக இருந்ததில்லை. உம்மாவின் மடியிலிருந்து உம்மும்மாவின் தோளுக்கும், சாச்சியின் இடுப்புக்கும், பக்கத்து வீட்டு ராத்தாவின் கைக்கும் பிள்ளை மாறிக்கொண்டே இருக்கும், உறக்கம் ஏணையில். இத்தகைய ஊருக்கு மார்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் எதற்கு? தேவையற்ற ஆடம்பரம் என்பது ஒரு பதில். விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட வளர்ப்பு முறை என்பது மற்றொன்று. இரண்டுமே பொருளை மட்டும் பார்க்கின்றன. குழந்தையின் வயது, சுமப்பவர் செய்யும் வேலை, சுமையை மாற்றிக்கொள்ள ஆள் இருப்பது ஆகிய மூன்றுமே கேரியரின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் எத்தாளையில் கேரியருக்குரிய இடம் சிறியது. ஆயினும் புறக்கணிக்கத் தக்கதல்ல.

சான்றுகளின் எல்லை

கேரியருக்கு ஆதரவாகப் பேசுவோர் பெரும்பாலும் கங்காரு தாய்ப் பராமரிப்பின் வெற்றியைச் சுட்டுவர். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையொன்றில் எட்கர் ரே சனாப்ரியா தொடக்கிய முறை அது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடனேயே இப்பராமரிப்பைப் பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 சதவீதம், உடல்நிலை சீரான பின்னர் பெற்றவர்களில் 15.7 சதவீதம். இது வலுவான சான்று. ஆனால் ஆய்வுக்கு உட்பட்டவை 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த சிசுக்கள். அவை தோலோடு தோலாக, பல மணி நேரம், மருத்துவக் கண்காணிப்பில் அணைக்கப்பட்டவை. நிறைமாதத்தில் பிறந்த, உடை உடுத்திய குழந்தையைப் பஞ்சு வைத்த பையில் சுமப்பதற்கு இந்த முடிவு பொருந்தாது.

சுமத்தலை நேரடியாக ஆராய்ந்தவை தரும் சித்திரம் கலவையானது. குழந்தையை வழமையைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்தால் ஆறாவது வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைகிறது என்று 1986இல் ஹன்சிகரும் பாரும் காட்டினர். 1995இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜேம்ஸ்-ராபர்ட்ஸ் குழுவினர் மீண்டும் சோதித்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. 1990இல் அனிஸ்ஃபெல்டு குழுவினர் நியூயோர்க்கில் வருமானம் குறைந்த தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மென்துணிக் கேரியரும் மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் இருக்கையும் கொடுத்தனர். 13ஆம் மாதத்தில், கேரியர் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 83 சதவீதமும் மற்றவர்களின் குழந்தைகளில் 38 சதவீதமும் பாதுகாப்பான பற்றுடையவர்களாகக் கணிக்கப்பட்டனர். இங்கே ஒப்பீட்டின் மறுமுனையில் இருந்தது பிளாஸ்டிக் இருக்கை. எத்தாளையில் கேரியருக்கு மாற்று இன்னொருவரின் இடுப்பு. உடலோடு உடல் ஒட்டியிருக்கும் நெருக்கம் அங்கே ஏற்கனவே கிடைப்பதால், நியூயோர்க் முடிவை இந்த மணலில் அப்படியே நட முடியாது.

வேலைக்குப் பொருந்துமா?

இரு கைகளும் விடுபடும் என்பதே கேரியர் தரும் முதல் உறுதி. விடுபட்ட கைகளால் எந்த வேலையைச் செய்வது என்பதையும் பார்க்க வேண்டும். குடாநாட்டுத் தோட்டங்களில் களை பிடுங்கவும் வெங்காயம் எடுக்கவும் குனிய வேண்டும். கருவாடு பரப்பவும் குனிய வேண்டும். சமையலுக்கு அடுப்பருகே நிற்க வேண்டும். மார்பில் பிள்ளை இருக்கையில் இடுப்பை வளைத்துக் குனிவதும் நெருப்பை நெருங்குவதும் ஆபத்தானவை. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் பிள்ளையை முதுகில் கட்டுகிறார்கள். மண்வெட்டி வேலைக்கு அது இசைகிறது. டோகோவில் அப்படிச் சுமப்பதைக் கண்ட அமெரிக்கத் தாதி ஆன் மூர் உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்ற ஸ்னக்லி, மேற்கத்திய மென்கேரியர்களின் முன்னோடிகளில் ஒன்று. சுமையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றியபோது, அந்த வேலைப் பொருத்தம் கைநழுவியது.

எஞ்சுவது நடை. கிளினிக்குக்கும் கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் நடக்கையில் கேரியர் உண்மையாகவே உதவுகிறது. தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சிசுவின் இதயத் துடிப்பு தணிவதை எஸ்பொசிட்டோ, குரோடா ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது. ஆனால் உலர் வலய வெயிலில் பஞ்சு அடைத்த கனமான பையைவிட மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது. மோட்டார் சைக்கிள் பயணத்துக்கோ எந்தக் கேரியரும் உதவாது. ஓட்டுநர் மார்பில் கட்டிய பிள்ளை விபத்தில் அவருக்கும் ஹேண்டிலுக்கும் இடையே நசுங்கும்.

தேவையும் ஆபத்தும் சந்திக்கும் மாதங்கள்

இடுப்பில் இருத்தித் தூக்கும்போது பிள்ளையின் தொடைகள் விரிந்து, முழங்கால்கள் உயர்கின்றன. இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்கு உகந்ததென எலும்பியல் வல்லுநர்கள் கேரியரில் எதிர்பார்க்கும் நிலையும் இதுவே. ஆகவே கழுத்து உறைத்த குழந்தைக்கு நம் பழைய முறை ஒரு குறையும் உடையதன்று. அதற்கு முந்திய நான்கு மாதங்களில்தான் இடைவெளி. அப்போது குழந்தையை இடுப்பில் வைக்க முடியாது. தூக்க இரண்டு கைகளும் வேண்டும். கேரியர் மிகவும் தேவைப்படும் காலம் அதுவே. மூச்சடைப்பு ஆபத்து மிகுந்த காலமும் அதுவே. தோளில் தொங்கும் துணிப்பைகள் குறித்து 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தபோது, இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த 14 மரணங்களைச் சுட்டியது. இறந்தவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். மார்பில் நிமிர்த்தி அணியும் கேரியர் வேறு வகைதான். எனினும் முகம் துணியில் புதையாமலும் நாடி நெஞ்சில் மடியாமலும் பார்த்துக்கொள்ளும் கடமை இரண்டுக்கும் பொது.

யாருக்கு இது தேவை?

சுமையை மாற்றிக்கொள்ள ஆள் எப்போதும் இருப்பார் என்று கொள்வதும் பிழை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் கற்பிட்டிக் கரைக்கும் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தபோது, உறவு முற்றங்கள் ஒரே நேரத்தில் சிதறின. பெண்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் வீடுகளில் உம்மும்மாவே முழுநேரத் தாய். சட்டம் தரும் 84 வேலைநாள் பிரசவ விடுமுறை தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் பெண்ணைச் சென்றடைவதில்லை. சுமக்கும் தோள்கள் குறைந்த இத்தகைய வீடுகளுக்குக் கேரியர் வசதிப் பொருளல்ல, துணை. தூக்குவதில் பங்கெடுக்கக் கூச்சப்படும் வாப்பாமாருக்கும் அது வழி திறக்கலாம்.

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பிறக்கிறது. கேரியரின் பயனும் ஆபத்தும் ஒரே மாதங்களில் குவிவதால், அதைக் கட்டும் முறையை விற்பனைக் கடையின் படத்தாளிடம் ஒப்படைக்க முடியாது. பிரசவத்துக்குப் பின் வீடு தேடிச் செல்லும் குடும்பநல மருத்துவிச்சி இலங்கையில் ஏற்கனவே இருக்கிறார். பாலூட்டும் முறையைக் காட்டித் தரும் அதே வருகையில், துணியைக் கட்டும் முறையையும் மூச்சுவழியைக் கவனிக்கும் விதத்தையும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் உம்மும்மாவுக்கும் சேர்த்தே அவர் காட்டித் தரலாம். விலை உயர்ந்த பை அதற்குத் தேவையில்லை. சுமக்கும் தோள்கள் குறைந்த வீடுகளிலிருந்து தொடங்கினால் போதும்.