கட்டளைவரிப் படத்தொகுப்பு மேலாண்மை

சொந்த ஒளிப்படங்களைப் பெரிய செயலிகளோ மேகச் சேமிப்போ இன்றி, முனையத்தில் இயங்கும் சிறு நிரல்களால் பெயரிட்டு, வகைப்படுத்தி, சிறிதாக்கிக் காக்கும் முறை. கோப்புறையே இதில் தரவுத்தளம்.

படத்துக்குள் பதியும் எக்சிஃப் தகவலே (தரநிலை: ஜப்பான், 1995) இதன் அடிப்படை. ஃபில் ஹார்வியின் எக்சிஃப்டூல் (2003) எடுத்த தேதியைப் படித்துக் கோப்பின் பெயரை மாற்றும். வாட்ஸ்அப் வழி வரும் படங்களில் பொதுவாக இத்தகவல் நீங்கிவிடுவதால் அவற்றுக்குத் தேதியைக் கையால் இடவேண்டும். அளவு குறைக்க இமேஜ்மேஜிக் என்னும் நிரல் பயன்படும். அதன் மோக்ரிஃபை கட்டளை மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதால் நகலில் மட்டுமே இயக்கத்தக்கது.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். லினக்சில் கோப்புப் பெயரின் வரம்பு வழக்கமாக 255 பைட். 'லாஸ்பேட்டை' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 30 பைட் கொள்ளும். 'கோயில்' என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவோ, ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவோ பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு வடிவில் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஆதலால் இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தை முதலில் செய்துவிடுவதே நன்று.

பெருந்தொகுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் (1955) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைக் காக்கிறது; அவற்றுள் தென்னிந்தியக் கோயில் படங்கள் மிகுதி. இடம், பொருள், காலம் என்னும் விவரங்கள் இன்றிப் படம் தேடலுக்கு உதவாது என்பது இத்தகைய பெருந்தொகுப்புக்கு மட்டுமன்றி வீட்டுத் தொகுப்புக்கும் பொருந்தும்.