நிலவமைப்பு நோய்ப்பரவலியல்

காடு, ஆறு, மலை, வயல், குடியிருப்பு ஆகியவற்றின் அமைவு தொற்றுநோயின் பரவலை எவ்வாறு தூண்டுகிறது அல்லது தடுக்கிறது என்பதை இடஞ்சார் புள்ளியியலால் ஆராயும் துறை, நோய்ப்பரவலியலின் கிளை. சோவியத் அறிஞர் பாவ்லோவ்ஸ்கி 1939-இல் முன்வைத்த ‘இயற்கை நோய்க்களம்’ என்னும் கருத்து இதன் அடிப்படை.

அண்டை ஊர்களின் நோய் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், அவற்றைத் தனித்தனித் தரவுகளாகக் கொள்ளும் வழக்கமான கணிப்புகள் இங்குப் பிழைபடும். அச்சார்பை மோரன் குறியீடு (1950) அளக்கிறது. நோய்த் திரள்களைக் குல்டோர்ஃபின் வருடல் முறை (1997) கண்டறிகிறது.

துறையின் தெளிவான சான்றுகளுள் ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். அங்கு 1991-இல் மேற்கு எல்லை வழியே ரக்கூன்களிடையே வெறிநோய் நுழைந்தது. 169 ஊர்களில் நோய் முதலில் தென்பட்ட மாதங்களைக் கொண்டு கட்டிய மாதிரி (2002), ஆறு குறுக்கிடும் அண்டை ஊர்களுக்கிடையே பரவல் ஏறத்தாழ ஏழு மடங்கு மந்தமானதைக் காட்டியது. தடுப்பு மருந்து கலந்த இரைகளை எங்கு இடுவது என்பதைத் தீர்மானிக்க இது உதவக்கூடியது.

இந்தியாவில், 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுநோய் இவ்வகை ஆய்வுக்கு உரியது. உண்ணிகளால் பரவும் இந்நோய் காட்டு விளிம்புகளில் வாழ்வோரையும் அங்கு வேலைக்குச் செல்வோரையும் தாக்குகிறது.

வட்டாரச் சராசரியிலிருந்து தனிமனிதரின் நோய் அபாயத்தை முடிவு செய்வது தவறு. இது இம்முறையின் ஒரு முக்கிய வரம்பு.