அப்பா ஆடியதைப் பிள்ளை ஆடும்: தாயக்கட்டையிலிருந்து கைப்பேசி வரை

பழவேற்காட்டுப் பக்கம் எந்தக் குப்பத்து டீக்கடையில் உட்கார்ந்தாலும், நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு புகார் வந்துவிடும். "பசங்க எந்நேரமும் போன்லயே கேம் ஆடறானுங்க." கோட்டைக்குப்பத்திலும் இதே பேச்சு, லைட் ஹவுஸ் குப்பத்திலும் இதே பேச்சு.

முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராகக் கோப்பு புரட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தாள் கைக்கு வந்தால், இதற்கு முந்தைய தாள் எது என்று தேடுவேன். இந்தப் புகாரின் முன்தாள்களையும் தேடிப் பார்த்தேன். பிள்ளைகளின் விளையாட்டு தானாக வீட்டுக்குள் நுழைவது குறைவு. பெரும்பாலும் அப்பா அம்மாவின் ருசிதான் அதற்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது.

நான் பிறந்தது புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். வீட்டில் பாட்டி திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவார். பள்ளித் தோழன் ஒருவன் வீட்டில் 'பெத்தி ஷெவோ' என்ற அட்டை ஆட்டம் இருந்தது. சின்னக் குதிரைகள் என்று பொருள். அதில் ஆறு விழுந்தால்தான் குதிரை லாயத்தை விட்டு வெளியே வரும். பாட்டியிடம் போய்ச் சொன்னேன். "இது நம்ம தாயம்தான்டா. இங்க தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், அங்க ஆறு விழணும். அவ்வளவுதான்" என்றார்.

பாட்டி சொன்னதில் சரித்திரமும் இருந்தது. இந்தியாவின் பச்சீசி ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், 1896-ல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. பிரெஞ்சுக் குதிரைகளும் அதே குடும்பம்தான்.

நம் பரமபதமும் கப்பலேறிப் போனது. நாம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடியதை, அந்நாட்டுப் பெற்றோர் தங்கள் ருசிக்குத் திருத்திக்கொண்டார்கள். சிக்கனம், உழைப்பு, மனம் வருந்துதல் போன்றவை ஏணிகளுக்குக் கீழே வந்தன. சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்பின் தலைக்குப் போயின. தங்கள் பிள்ளை எப்படி வளர வேண்டும் என்று நினைத்தார்களோ, அதையே அட்டையில் அச்சடித்தார்கள்.

வீடியோ கேம் வந்த பிறகும் இது மாறவில்லை. தொலைக்காட்சியில் இணைத்து வீட்டில் விளையாடும் முதல் பெட்டி, ஒடிசி என்பது, 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான் தெரியும். அதனால் பெட்டியோடு பகடை, சீட்டுக்கட்டு, காகிதப் பணம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். காசைக் கொடுத்து வாங்குகிறவர்கள் பெற்றோர் அல்லவா? அவர்களுக்குப் பழக்கமான சாமான்கள் பெட்டிக்குள் இருந்தன. சூதாட்டக் கூடத்துச் சக்கரமான ரூலெட் கூட அதில் ஓர் ஆட்டம். நின்டென்டோ கம்பெனியும் 1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கியதுதான்.

வேலை நிமித்தம் பொன்னேரிக்கு வந்து, பழவேற்காட்டில் பெண் எடுத்து, இந்த ஏரிக்கரையிலேயே நான் தங்கிவிட்டேன். இங்கே கரைப் பிள்ளைகள் மணலில் சடுகுடு ஆடுவார்கள், கோலி அடிப்பார்கள். படகு போகாத நாளில் பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து சீட்டும் தாயமும் ஆடுவார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று, எந்தக் காயை எப்போது வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்வார்கள். தன் முறை வரும்வரை காத்திருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்பதையே 'பாடு' என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் இவர்கள்.

திரை விளையாட்டு இங்கே மூன்று அலையாக வந்தது. மூன்றும் பெரியவர்களுக்காகவோ படிப்புக்காகவோ வந்த சாமான்களின் முதுகில் ஏறித்தான் வந்தன.

முதல் அலை, 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். டிவி வந்த பிறகு, சென்னை பர்மா பஜாரிலிருந்து நின்டென்டோவைப் பார்த்துச் செய்த மலிவு நகல் பெட்டிகளும் வந்தன. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரருக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். அவர் பையன் கான்ட்ரா தவிர வேறு ஆட மாட்டான். துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அப்பா பின்னாலிருந்து கத்துவார். மூன்றாவது வீட்டில் அம்மாவுக்கு மரியோதான் பிடிக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் மரியோதான்.

இரண்டாவது அலை, 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினி. படிப்பதற்குக் கொடுத்தார்கள், படித்தவர்களும் உண்டு. பென் டிரைவ் வழியாக ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் வீடு வீடாகப் போயின. படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவர், பைக் பைத்தியம், மகனோடு சேர்ந்து ராத்திரி பத்து மணி வரை ரோட் ராஷ் ஓட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் இன்று எஞ்சின் வேலைதான் செய்கிறான்.

மூன்றாவது அலை, 2016-க்குப் பிறகு மலிவான டேட்டாவோடு வந்த கைப்பேசி. பப்ஜி வந்தது, 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது, அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது. ஆனால் அதே 2020 ஊரடங்கில், பாட்டி முதல் பேத்தி வரை ஒரே போனில் ஆடியது லூடோ கிங். மும்பைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று 2016-ல் வெளியிட்டது. அட்டை பழையது, திரை புதிது. தாயம் தெரிந்த கிழவிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "கட்டைய நாம உருட்டாம போனே உருட்டுதே, இது என்ன ஆட்டம்" என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்கள்.

பெற்றோரின் ருசி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி உண்டு. விசுவநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தது அவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, பகலில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அம்மா எழுதி வைப்பார். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் இருவரும் சேர்ந்து விடை தேடுவார்கள். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024-ல் வடசென்னையைச் சேர்ந்த காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அப்பா ஆட்டோ ஓட்டுபவர், கேரம் பிரியர். இரண்டு வீட்டிலும் பெரியவருக்கு முதலில் அந்த ஆட்டம் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்காரவும் நேரம் ஒதுக்கினார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடலிலிருந்து திரும்பி, வலையைக் காயப் போட்டுவிட்டு, படகு நிழலில் ஒதுங்கும் அப்பாக்களில் சிலர் சில வருடம் முன்பு வரை போனில் ஆடியது ரம்மி. பழைய சீட்டாட்டத்தில் நாலு பேர் எதிரில் இருப்பார்கள். கையில் காசு தீர்ந்தால் ஆட்டமும் தீரும். போனில் எதிராளி முகம் தெரியாது. வங்கிக் கணக்கில் இருக்கிறவரை ஓடும். எனக்குத் தெரிந்த ஒருவர் வலை வாங்க வைத்திருந்த பணத்தை இப்படித் தோற்றார். அவர் தோற்றபோது, மடியில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு வயது ஒன்பது.

தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இப்படி நொறுங்கி, தற்கொலை வரை போன பிறகுதான் சட்டம் வந்தது. 2022-ல் மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்துக்கு, ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிய பிறகு, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025-ல் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை காசு ஆட்டம் கூடாது, 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று மாநில விதி வந்தது. அதே ஆகஸ்டில், காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது.

சட்டம் செயலியை மூடலாம். அந்த ஒன்பது வயதுப் பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை எந்த அரசாணையும் அழிக்காது. காசு போனாலும் அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்று அப்பா சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. இப்போது அவன் போனில் ஏதோ பெட்டியைத் திறந்து பரிசு எடுக்கும் ஆட்டம் ஆடுகிறான். பெட்டி திறக்கும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன்.

ஆகவே டீக்கடை நண்பர்களுக்கு ஒரு யோசனை. பேரன் கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து நமக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடலில் காற்று கிளம்பி, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, படகு எல்லாம் கரையில் நிற்கும் நாட்கள் இதற்குத் தோதானவை. அப்பாவும் வீட்டில் இருப்பார். தாயக்கட்டை இல்லாத வீட்டில் நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் போதும்.