ஆங்கிலத்தில் படித்தது மனதில் நிற்கவில்லையா? மூடிவிட்டு வரைந்து பாருங்கள்

ஆங்கில ஆவணம் ஒன்றைக் கடைசி வரி வரை படிச்சாச்சு. வார்த்தைகளும் தெரிந்தவைதான். ஆனால், 'என்னதான் சொல்றாங்க?' என்று யாராவது கேட்டால் திணறுகிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை பெரும்பாலும் முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆங்கிலத்திலோ முக்கியச் செய்தி முதலில் வந்துவிடும். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' என்று நிபந்தனைகள் பின்னால் தொங்கும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கான்செப்ட் மேப் என்றால்?

1970-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய முறை இது. கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, கோடுகளால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் 'காரணம்', 'ஆனால்', 'இப்படி இருந்தால்' என்று உறவையும் எழுத வேண்டும். டோனி புசான் பிரபலப்படுத்திய மைண்ட் மேப் வேறு: நடுவில் ஒரு தலைப்பு, சுற்றிலும் கிளைகள். யோசனைகளைத் திரட்ட அது போதும். நிபந்தனைகள் நிறைந்த ஆவணத்துக்கு கான்செப்ட் மேப்தான் கைகொடுக்கும்.

ஓர் உதாரணம்

உங்கள் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால் இழப்பு யாருக்கு? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்தச் சுற்றறிக்கையில் அப்போது இருந்த விதியை வரைந்தால், நடுக் கட்டத்தில் 'யார் தவறு?' என்ற கேள்வி. அதிலிருந்து மூன்று கோடுகள்:

• வங்கியின் தவறு என்றால்: உங்களுக்கு இழப்பில்லை.
• கடவுச்சொல்லை நீங்களே பகிர்ந்திருந்தால்: புகார் செய்யும் வரையிலான இழப்பு உங்களுடையது.
• இருவர் மீதும் தவறில்லை என்றால்: வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பில்லை, 4 முதல் 7 நாட்கள் என்றால் குறிப்பிட்ட வரம்பு வரை இழப்பு, அதற்கும் மேல் என்றால் வங்கியின் கொள்கைப்படி.

பத்தி பத்தியாக இருந்த விதி, மூன்றே கோடுகளில் அடங்கிவிட்டது. 3-ஆம் நாளுக்கும் 4-ஆம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பணம் என்பதும் கண்ணில் படுகிறது.

எங்கே தவறு நடக்கிறது?

ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவதில். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஜானல் பிளண்ட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாடத்தைப் பார்த்தபடி வரைபடம் போட்ட மாணவர்களைவிட, மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். வரைபடத்தையே நினைவிலிருந்து போட்டாலும் நல்ல பலன் கிடைப்பதாக 2014-இல் அதே இருவரின் இன்னோர் ஆய்வு காட்டியது. பார்த்து வரைவது நகல் எடுப்பது மாதிரி. பார்க்காமல் வரையும்போதுதான் மூளைக்கு வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஒரு பக்கம் மட்டும் படியுங்கள்.
2. ஆவணத்தை மூடுங்கள்.
3. நினைவில் உள்ளதை வரையுங்கள். கோட்டின் மேல் தமிழிலேயே எழுதலாம், தப்பில்லை.
4. திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள்.

எந்தக் கோட்டின் மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லையோ, அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். முழுப் பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டாம். அந்த ஒரு வரிக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.