மேட்டுநிலத்தில் சிறு விமானம்: தாழப் பறக்கையில் இன்ஜின் கைவிட்ட வரலாறு

ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானம் தாழப் பறக்கும்போது இன்ஜின் வலு குறைந்தால், விமானிக்கு மிஞ்சுவது உயரமும் வேகமும்தான். தரையை விட்டு எழும்பிய முதல் நிமிடத்திலும், வயலுக்கு மேல் மருந்து தெளிக்கும்போதும் இந்த இரண்டுமே குறைவு. அதனால் சிறு விமானங்களின் வரலாற்றில் இன்ஜின் நிற்பதும் உயிர் போவதும் பெரும்பாலும் தரைக்கு அருகிலேயே நடந்திருக்கின்றன. இந்தியாவில் சிறு விமானங்களை வடிவமைத்து, கட்டி, சோதித்துப் பார்த்த முதன்மையான இடம் பெங்களூர். ஆகவே இந்த வரலாற்றின் பெரும்பகுதி மைசூர் மேட்டுநிலத்தோடு பிணைந்திருக்கிறது.

மேட்டுநிலமும் மின்சாரமும்

அந்த மேட்டுநிலத்தின் கிழக்கு ஓரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது கோலார் தங்கவயலின் நந்திதுர்க். 1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்த பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் சுரங்கங்கள் ஆழமாக வளர்ந்தன. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறி அந்த ஷாஃப்டுகளில் உழைத்தன. 1902-ல் இந்தச் சுரங்கங்களுக்காகவே சிவசமுத்திரத்திலிருந்து மின்கம்பி இழுக்கப்பட்டது. அதே நீர்மின்சாரம் 1905-ல் பெங்களூர் நகரத்துக்கும் வந்தது.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது, மின்சாரமும் மிதமான வானிலையும் அரசு தந்த நிலமும் பெங்களூருக்குச் சாதகமாக அமைந்தன. தங்கத்துக்காக வந்த மின்சாரம் நாற்பது ஆண்டுகளுக்குள் விமானத் தொழிலுக்கும் அடித்தளமானது.

ஆனால் அந்த மேட்டுநிலத்துக்கே உரிய ஒரு குறையும் உண்டு. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் விமானத் தளங்கள் அதைவிடச் சற்றே உயரம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். வெயில் அதை இன்னும் மெலிதாக்கும். ஏப்ரல் மாத மதியம் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால், தங்கவயலின் தரைமட்டக் காற்று ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய காற்றின் அடர்த்திக்கு இறங்கிவிடும். டர்போ இல்லாத பிஸ்டன் இன்ஜின் அந்தக் காற்றில் தன் முழு வலுவில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே தரும். இன்ஜினில் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் இந்த இழப்பு உண்டு. ஓடுபாதை நீளமாகத் தேவைப்படும், ஏற்றம் மந்தமாகும், இறங்கும்போது தரையைத் தொடும் வேகமும் கூடும்.

பெங்களூரில் பிறந்த விமானங்கள்

ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டலிடம் பயின்ற வி. எம். காட்கே இந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் வடிவமைப்புப் பிரிவை நடத்தினார். அவர் தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்டுப் பெருமளவில் உற்பத்தியான முதல் விமானம் அது. 155 குதிரைத்திறன் கொண்ட சிர்ரஸ் மேஜர் இன்ஜின் அதை இயக்கியது. 1958-ல் பறக்கும் கழகங்களுக்காக இரட்டை இருக்கைப் புஷ்பக் வந்தது. அதன் இன்ஜின் 90 குதிரைத்திறன். மேட்டுநிலத்தின் கோடை மதியத்தில் அது தந்தது 73 குதிரைத்திறன் அளவே.

1948-ல் தொடங்கிய ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியிலும் மற்றக் கழகங்களிலும் மாணவர்கள் இப்படிப்பட்ட எளிய இன்ஜின்களோடுதான் வானேறினார்கள். இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்பது தனியாகப் பறப்பதற்கு முன்பே கற்க வேண்டிய பாடம்.

இன்ஜின் ஏன் தளர்கிறது

பிஸ்டன் இன்ஜின் கைவிடுவதற்குப் பெரும்பாலும் எரிபொருளோ காற்றோ காரணம். தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இரண்டு தனித்தனியாக இருப்பதால் ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். எரிபொருளுக்கு அப்படி மாற்று இல்லை. தொட்டி காலியாவது, தவறான தொட்டியைத் திறந்து வைப்பது, பெட்ரோலில் நீர் கலப்பது ஆகியவை பழைய, இன்னும் ஓயாத காரணங்கள். இரவில் தொட்டியின் உட்சுவரில் வேர்க்கும் ஈரம் அடியில் தங்கும். காலையில் இறக்கைக்குக் கீழுள்ள சிறு குழாயைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நீர் இருந்தால் நிறமற்ற குமிழாக அடியில் உருளும். அது தீரும்வரை வடிக்க வேண்டும்.

கார்புரேட்டர் பனி இன்னும் நயவஞ்சகமானது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்வதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் அங்கே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் சரியலாம். வெளியே 22 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்தால் உள்ளே பனி படியும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது பெங்களூரில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் இருக்கும். இன்ஜினின் சுழற்சி எண் மெல்லக் குறையும். விமானி அறியாமலே த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். பிறகு தள்ள இடம் இராது. சூடான காற்றைத் திருப்பிவிடும் பிடியை இழுத்தால், உருகிய நீர் உள்ளே போய் இன்ஜின் ஒரு கணம் இருமும், தடுமாறும். பதறிப் பிடியைத் திரும்பத் தள்ளாமல் பொறுத்தவர்களுக்கு இன்ஜின் மீண்டும் சீராக ஓடியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கும் உயரம் வேண்டும்.

தாழப் பறப்பதே தொழிலானபோது

1950-களின் தொடக்கத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் வெட்டுக்கிளிகளை எதிர்க்கச் சிறு விமானங்கள் மருந்து தெளித்தன. பயிர் காக்கும் பறத்தல் இந்தியாவில் அங்கிருந்து வளர்ந்தது. தெளிப்பு விமானம் பயிருக்கு மேல் சில மீட்டரிலேயே ஓடும். வயல் முடியும் இடத்தில் மரத்தையும் மின்கம்பியையும் தாண்ட எழும்பித் திரும்பும். பாரமும் வளைவும் தாழ்வும் ஒன்றாகச் சேரும் அந்தத் திருப்பத்தில் இன்ஜின் தளர்ந்தால் மீள்வது அரிது. இந்தப் பணிக்காகவே பெங்களூரில் எச்.ஏ.-31 பசந்த் உருவானது. அதன் இரண்டாம் வடிவம் 1972 மார்ச் 30 அன்று பறந்தது. இன்ஜின் 400 குதிரைத்திறன். 1980-ல் உற்பத்தி நின்றபோது 39 விமானங்கள் கட்டப்பட்டிருந்தன.

தாழப் பறக்கும் இன்னொரு தொழில் கனிமத் தேடல். பாறைகளின் காந்த வேறுபாட்டை அளக்க விமானம் நிலத்துக்குச் சுமார் நூறு மீட்டர் மேலே கோடு போட்டதுபோல் பறக்க வேண்டும். பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வான்வழிப் பிரிவு இதற்கு இரட்டை இன்ஜின் ட்வின் ஆட்டரைப் பயன்படுத்தியது. அந்த உயரத்தில் ஓர் இன்ஜின் நின்றாலும் மற்றது விமானத்தைக் காப்பாற்றும்.

தீபக்கின் பாடம்

எச்.டி.-2-க்குப் பின் விமானப்படைக்கு வந்தது எச்.பி.டி.-32 தீபக். 1977 ஜனவரியில் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமானத்தின் இன்ஜின் 260 குதிரைத்திறன் லைகமிங். ஹைதராபாத் அருகே துண்டிகல்லிலும், பயிற்றுநர்களை உருவாக்கும் தாம்பரத்திலும் ஒரு தலைமுறை விமானிகள் இதில் கற்றார்கள். ஆனால் பறக்கும்போதே எரிபொருள் ஓட்டம் தடைபட்டு இன்ஜின் நிற்பது இதன் தீராத குறையாக இருந்தது. இன்ஜின் நின்றபின் நெடுந்தொலைவு மிதக்கும் தன்மையும் இதற்கு இல்லை. வெளியே வீசித் தள்ளும் இருக்கையும் இல்லை. 2009 ஜூலை 31 அன்று மேதக் மாவட்டத்தில் ஒரு தீபக் விழுந்து இரண்டு பயிற்றுநர்கள் இறந்தார்கள். அதன்பின் எல்லாத் தீபக்குகளும் தரையில் நிறுத்தப்பட்டன. அதற்குள் 17 விபத்துகளில் 19 பேர் உயிரிழந்திருந்தார்கள். 2013-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 அந்த இடத்துக்கு வந்தது; அதில் இருவருக்கும் வீசித் தள்ளும் இருக்கை உண்டு.

அதே 2009-ன் மார்ச் 6 அன்று, பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இரட்டை இன்ஜின் சரஸ் இரண்டாம் மாதிரி விமானம் பிடதி அருகே விழுந்து மூன்று விமானப்படை அதிகாரிகள் இறந்தார்கள். சுமார் 9,000 அடியில் ஓர் இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனை அது. மீள இயக்கும் வழிமுறையே தவறாக வகுக்கப்பட்டிருந்தது என்று விசாரணை கண்டது. இரண்டு இன்ஜினும் ஒன்பதாயிரம் அடியும் இருந்தும், வழிமுறை பிழைத்தால் உயரம் தீர்ந்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

ஜக்கூரும் ஒரு துயரத்தைக் கண்டது. 2004 ஏப்ரல் 17 அன்று அங்கிருந்து கிளம்பிய செஸ்னா 180 எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்தது. கோலார் மாவட்டம் முல்பாகல் பகுதியில் பிறந்த நடிகை சௌந்தர்யா உட்பட நால்வரும் மாண்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த உயரத்தில் எந்தப் பிழையையும் திருத்த நேரம் கிடையாது.

திரும்பாதே, நேரே இறங்கு

எழும்பும்போது இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப மனம் துடிக்கும். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், விமானம் மிதக்கும் சக்தியை இழக்கும் (ஸ்டால்) வேகம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயரும். உயரமும் வேகமாகக் கரையும். பாதி வட்டத்திலேயே ஸ்டால் ஆகி விழுந்தவர்கள் உலகெங்கும் பலர். ஆகவே மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று, எதிரே தெரிவதில் நல்ல இடத்தில் இறங்கு என்பதே எங்கும் கற்பிக்கப்படும் விதி. 500 அடியில் இன்ஜின் நின்றால் சாதாரணச் சிறு விமானம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் மிதக்கும். நேரம் நாற்பது நொடி.

நந்திதுர்க் போன்ற நிலத்தில் அந்த நாற்பது நொடியில் கண்ணில் படுவது என்ன? மூடிய சுரங்கங்களின் ஷாஃப்ட் கோபுரங்கள், சுமார் 3.3 கோடி டன் அரைத்த பாறைத்தூள் குவிந்த சயனைடு மேடுகள், நெருங்கிய லைன் வீடுகள், வெளியே குண்டுப்பாறைகள். அறுவடை முடிந்த கேழ்வரகு வயலும் கோடையில் வற்றிய ஏரியும்தான் அங்கே விமானிக்குத் துணை. அவை எங்கே இருக்கின்றன என்பதை இன்ஜின் நன்றாக ஓடும்போதே பார்த்து வைக்க வேண்டும். 2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கி, உள்ளிருந்த இருவரும் தப்பினார்கள். இறங்க ஓர் இடத்தை உரிய நேரத்தில் தேர்ந்ததே அவர்களைக் காத்தது.

பெங்களூரும் கற்றது. தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஹன்சா புதிய தலைமுறை விமானம் 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 மே மாதத்தில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயின் சோதனை மைதானத்துக்கு மேலே, 7,000 முதல் 8,000 அடியில் அதன் ஒரே இன்ஜினை நிறுத்தி, விமானிகள் அதை வானிலேயே மீண்டும் இயக்கிக் காட்டினார்கள். போதிய உயரம், கீழே இறங்கத்தக்க திறந்த நிலம், ஆராய்ந்து வகுத்த வழிமுறை ஆகிய மூன்றும் அங்கே முன்கூட்டியே இருந்தன. இன்ஜின் நிற்காது என்று நம்பிக் கட்டிய விமானம் உயிர்களை வாங்கியது. நிற்கும் என்று கருதி வடிவமைப்பதும் பயிற்றுவிப்பதுமே சிறு விமானத்தைப் பறக்கத் தகுந்ததாக ஆக்குகின்றன.