புறக்கணிக்கப்பட்ட பொருள்

மனிதர் அருவருத்து எறியும் பொருளிலும் படைப்பின் மறைபொருள் பொதிந்திருக்கக் கூடும் என்பதற்கு அறிவியல் வரலாறே சான்று பகர்கிறது. 1869ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில், பழங்கோட்டை ஒன்றின் சமையலறையாயிருந்த ஆய்வுக்கூடத்தில், ஃப்ரீட்ரிக் மீஷர் என்னும் சுவிஸ் நாட்டு இளைஞர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழைக் கழுவி ஆராய்ந்தார். அதிலிருந்த வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து, புரதம் அல்லாத, பாஸ்பரஸ் செறிந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, நியூக்ளின் எனப் பெயரிட்டார். இன்று நாம் டி.என்.ஏ. என்றழைப்பது அதுவே.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1866இல், அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளிலிருந்து கண்டறிந்த மரபு விதிகளை வெளியிட்டிருந்தார். பண்புகள் தலைமுறை கடந்து செல்லும் ஒழுங்கை ஒருவர் கண்டார். அவற்றைச் சுமந்து செல்லும் பொருளை மற்றவர் கையில் ஏந்தினார். இரண்டுக்கும் உள்ள உறவை அன்று எவரும் உணரவில்லை.

பின்வந்த அறிஞர்களோ டி.என்.ஏ.வைப் பொருட்படுத்தவில்லை. புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் உண்டு, டி.என்.ஏ.வில் நான்கே காரங்கள். அந்நான்கும் சம அளவில், மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வருவதாகவே கருதப்பட்டது. இத்துணை எளிய பொருளா உயிரினத்தின் பண்புகளையெல்லாம் தாங்கும் என எண்ணினர்.

1928இல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் கிரிஃபித் வியத்தகு நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். வெப்பத்தால் கொல்லப்பட்ட, நோய் தரும் நிமோனியாக் கிருமிகளைத் தீங்கற்ற உயிருள்ள கிருமிகளுடன் கலந்து எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகள் மடிந்தன. தீங்கற்றவை நோய் தருவனவாக மாறியதோடு, அப்பண்பைத் தம் வழித்தோன்றல்களுக்கும் வழங்கின. மாற்றியது எது?

நியூயார்க் நகர ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி இவ்வினாவை விடாது பற்றிக்கொண்டார். 75 லிட்டர் கிருமி வளர்ப்பிலிருந்து கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம் பொருளே. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அதன் ஆற்றலைக் குறைக்கவில்லை, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியோ அதை அடியோடு அழித்தது. மக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோருடன் 1944இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். கண்ணுக்கு அகப்படாத வேறு பொருள் ஏதேனும் ஒட்டியிருக்கக் கூடும் என்ற ஐயத்தையும் அக்கட்டுரையிலேயே நேர்மையுடன் குறித்து வைத்தார்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மிர்ஸ்கி அந்த ஐயத்தையே வலியுறுத்தினார். சிறிதளவு புரதம் எஞ்சியிருந்தாலும் அன்றைய சோதனைகள் காட்டா என்றார். அவ்வாதம் பொருளற்றதன்று. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எர்வின் சார்காஃப் வேறு வழியில் சென்றார். ஏவரியின் கட்டுரையைப் படித்ததும் தம் ஆய்வின் திசையையே மாற்றி, பல உயிரினங்களின் டி.என்.ஏ.வை அளந்து பார்த்தார். நான்கு காரங்களும் சம அளவில் இல்லை. இனத்துக்கு இனம் விகிதம் மாறுகிறது என்று கண்டார். பழைய கருத்து தகர்ந்தது. 1952இல் ஹெர்ஷி, சேஸ் ஆகியோரின் வைரஸ் சோதனையும், 1953இல் வாட்சன், கிரிக் முன்வைத்த இரட்டைச் சுருள் வடிவமும் அறிவுலகின் தயக்கத்தைப் போக்கின. ஏவரி 1955இல் மறைந்தார். நோபல் பரிசு அவரை அடையவே இல்லை.

ஐயம் கொள்வது குற்றமாகாது. நாசரேத்தூரின் பெயரைக் கேட்டதும் நத்தனியேலும் ஐயுற்றார். ஆயினும் பிலிப்பு அழைத்தபோது எழுந்து சென்றார்; சென்றதால் கண்டார். அமர்ந்த இடத்திலேயே தீர்ப்பெழுதும் ஐயம் ஒன்று. எழுந்து சென்று பார்க்கும் ஐயம் மற்றொன்று. ஓர் எளிய மனிதரைப் பற்றியோ, பழகாத ஓர் உண்மையைப் பற்றியோ நம் உள்ளத்தில் ஐயம் எழும்போது, அது இவ்விரண்டில் எது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமா?